மண்ணூர் ரூமில் சுட்ட பேரிக்காய்

மண்ணூர்
29.6.2025

அன்புள்ள ஜாஸ்மினுக்கு,

மாரிசெல்வி எழுதுகிறேன். எந்த மாரிசெல்வி என்று யோசிக்காதே. மண்ணூர் ரூமில் மூன்று வருஷம் உன் பாய்க்குப் பக்கத்துப் பாயில் படுத்தவள். உன் பழைய நம்பரில் இப்போது யாரோ ஒரு ஆள் பேசுகிறார். டைரியில் உன் நாசரேத் விலாசம் கிடந்தது. நீ அங்கேதான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு இதைத் தபாலில் போடுகிறேன்.

நான் இன்னும் அதே கம்பெனி, அதே ரூம். இப்போது லைன் லீடர். வீட்டுக்கார பாப்பம்மாள் அம்மா உன்னைக் கேட்காத மாதம் இல்லை. "அந்த ஜாசுமின் பொண்ணு இன்னா ஆச்சும்மா? அது இருந்தப்போ ஞாயித்துக்கெழமைன்னா வூடே கமகமன்னு மணந்துகினு இருக்கும்" என்பார்.

நானும் அந்த மணத்துக்காகத்தான் எழுதுகிறேன். நீ ஓவனில் பேரிக்காய் சுடுவாயே, அதை ஒருவருக்குச் செய்து கொடுக்க வேண்டும். நம் கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை பார்த்த நாச்சியார் அக்கா, கொரியாக்காரர்கள் ஒதுக்கிப்போட்ட ஓவனை உனக்குக் கொடுத்தார்களே, அது இன்னும் ஓடுகிறது. நீயும் நானும் நம் ரூம் இசக்கியும் அதை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தோம். முதல் நாளே பியூஸ் போய், பக்கத்து மூன்று வீட்டு ஃபேனும் நின்று, ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். நாம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

போன வாரம் நானே செய்து பார்த்தேன். அவித்த பூசணிக்காய் மாதிரிக் குழைந்துவிட்டது. உனக்கு மட்டும் எப்படி அது மினுமினு என்று வரும்? எழுதுவாயா?

உன் பழைய தோழி,
மாரிசெல்வி

நாசரேத்
8.7.2025

என் பிரியமுள்ள மாரிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் வீட்டுக்காரரும் மகளும் சுகம். ஏட்டி, ஆறு வருஷம் கழித்து என் நினைப்பு வந்தது பேரிக்காய்க்காகத்தானா? கோபமாகத்தான் கவரைப் பிரித்தேன். பாப்பம்மாள் அம்மா பேச்சைப் படித்ததும் சிரித்துவிட்டேன். மகள் வந்து "ஏம்மா அழுத?" என்று கேட்ட பிறகுதான் கண்ணைத் துடைத்தேன்.

நான் இப்போது வீட்டிலேயே ஆர்டருக்குக் கேக் செய்கிறேன். எத்தனை கேக் செய்தாலும், அந்தப் பத்தடி ரூமில் ஆறு பேர் காலை மடக்கி உட்கார்ந்து, ஓவன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை போல ஒன்று வரவில்லை. ஏ ஷிப்ட், பி ஷிப்ட் என்று ஆளுக்கொரு பக்கம் ஓடியவர்கள் சேர்ந்து சாப்பிட்டது அன்றைக்கு மட்டும்தானே.

சரி, செய்முறை கேள். காய் கல்லு மாதிரியும் இருக்கக் கூடாது, பழுத்துத் தொளதொளவென்றும் இருக்கக் கூடாது. கடையில் கெட்டியாக வாங்கி அரிசிக்குள் இரண்டு நாள் புதைத்து வை. காம்பின் பக்கத்தில் அமுக்கினால் லேசாக அமுங்க வேண்டும். தோல் சீவாதே. நீளவாக்கில் இரண்டாக வெட்டு. காம்பு ஒட்டிக்கொண்டே இருக்கட்டும், அழகே அதில்தான். விதையை ஸ்பூனால் வட்டமாகத் தோண்டி எடு. முதுகில் ஒரு சீவல் சீவிவிட்டால் தட்டில் உருளாமல் உட்காரும்.

எலுமிச்சைச் சாறு தடவு. குழிக்குள் உடைத்த முந்திரி, நாட்டுச் சர்க்கரை, பட்டைத் தூள், ஒரு சிட்டிகை உப்பு. மேலே வெண்ணெய், தேன். நூற்றெண்பது டிகிரி, முக்கால் மணி நேரம். நடுவில் இரண்டு தடவை கதவைத் திறந்து, தட்டில் இறங்கிய சாற்றை அள்ளி அதன் மேலேயே ஊற்று. நீ கேட்ட மினுமினுப்பு அதில்தான் வரும். தண்ணீர் ஊற்றி மூடி வைத்திருப்பாய், அதான் குழைந்தது. எவர்சில்வர் தட்டில் வைக்காதே, வெள்ளைப் பீங்கானில் வை. பக்கத்தில் துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிர் ஒரு கரண்டி.

யாருக்குச் செய்கிறாய்? மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்களா?

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இசக்கி பேச்சை என்னிடம் எடுக்காதே. பஸ் விஷயத்தில் என் பெயரை ஆபீஸில் சொன்னவளை இன்னும் என்னால் நினைக்க முடியவில்லை. அங்கிருந்த யாருக்கும் என் புது நம்பரைத் தரவில்லை. உனக்கும் இப்போதைக்கு இல்லை, தப்பாக நினைக்காதே. ஆனால் எழுது. தபால்காரர் வந்தால் எட்டிப் பார்ப்பேன்.

பிரியமுடன்,
ஜாஸ்மின்

மண்ணூர்
21.7.2025

ஜாஸ்மினுக்கு,

நேற்று செய்தேன். நீ சொன்ன மாதிரியே வந்தது. வெள்ளைப் பீங்கானில் வைத்துப் பார்த்தால், நம் ரூமில் செய்த பண்டம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அது இசக்கிக்காகத்தான். அவளுக்குக் கல்யாணம். ஆவணி பதினெட்டு, வள்ளியூரில். இந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுப் போகிறாள். "போறதுக்கு முன்னால ஜாஸ்மின் அக்கா செய்யுற பேரிக்காய ஒருதரம் தின்னணும்" என்று அவள்தான் கேட்டாள். முதல் கடிதத்தில் மறைத்துவிட்டேன்.

மறைத்தது அது மட்டும் இல்லை.

கம்பெனி பஸ் ஊருக்குள் வராமல் ஹைவேயிலேயே இறக்கிவிடப் பார்த்தபோது, நீ "இறங்காதீங்கட்டி" என்றாய். நாற்பது பேரும் இரண்டு மணி நேரம் சீட்டைவிட்டு எழவில்லை. மறுநாள் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, யார் ஆரம்பித்தது என்று கேட்டார்கள். முதலில் போனது நான். அந்த வாரம் என் கான்ட்ராக்ட் முடிகிறது. அந்தப் பேப்பரை மேஜைமேல் வைத்துக்கொண்டே கேட்டார்கள். உன் பெயரைச் சொன்னது நான்தான் ஜாஸ்மின்.

இசக்கி எனக்குப் பிறகு போனாள். வாயே திறக்கவில்லை. அதற்குத்தான் திட்டினார்கள், அதனால்தான் அழுதுகொண்டு வந்தாள். நீ அவள் கையைப் பிடித்து "நீதான சொன்ன?" என்று கேட்டாய். அவள் "இல்லக்கா, இல்லக்கா" என்றாள். நான் பக்கத்திலேயே நின்றேன். அன்றைக்கே உன்னை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். சாயங்காலம் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாய். அப்போதும் சொல்லவில்லை.

நேற்று அவளிடம் சொன்னேன். பாதி சாப்பிட்டிருந்தாள். ஸ்பூனைக் கீழே வைத்தாள். "ஜாஸ்மின் அக்காவுக்கு எழுதிட்டியா?" என்றாள். "இல்ல" என்றேன். "மொதல்ல எழுது" என்றவள் எழுந்து குழாயடிக்குப் போய்விட்டாள்.

எழுதிவிட்டேன். அவள் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

மாரிசெல்வி

நாசரேத்
4.8.2025

மாரிசெல்விக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

இசக்கியைக் கூப்பிட்டேன். ஹலோ என்றதுமே "அக்கா" என்றுவிட்டாள். ஆறு வருஷத்துக்கு அப்புறமும் ஒரு சொல்லில் என் குரலை அடையாளம் கண்டுகொண்டாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று பேப்பரில் எழுதிவைத்திருந்தேன். அதைப் படிக்கும் முன்னே அழுதுவிட்டேன். அவள்தான், "அழாதீங்கக்கா, கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துருங்க" என்றாள்.

ஒரு பாவமும் அறியாத பிள்ளையை ஆறு வருஷம் வெறுத்திருக்கிறேன். என் வேலை போனதைக்கூட விட்டுவிடலாம். உன் வயிற்றுப்பாட்டுப் பயம் எனக்குப் புரியாததில்லை, எனக்கும் வயிறு இருந்தது. ஆனால் நான் அவள் கையைப் பிடித்து உலுக்கியபோது நீ பக்கத்தில் நின்றாய் பார், அதைத்தான் தாண்ட முடியவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்றைக்கு எழுதினால் அது பொய்யாக இருக்கும்.

நீயும் கல்யாணத்துக்கு வருவாய் என்று இசக்கி சொன்னாள். கட்டாயம் வா. அவள் ஆசைப்படுகிறாள். பந்தியில் என் பக்கத்தில் இடம் இருந்தால் உட்கார். நான் எழுந்து போக மாட்டேன். பேசுவேனா என்று மட்டும் இப்போது கேட்காதே.

ஜாஸ்மின்