எல்லா நகலிலும் அண்ணி

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன். இன்றைக்கு அம்மா நன்றாக இருக்கிறாள் என்று மட்டும் எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய தைலத்தின் வாசனையைத் திட்டிக்கொண்டே தினமும் தேய்த்துக்கொள்கிறாள். ஃபோனில் பேசினால் அவள் காது நம் பேச்சில்தான் இருக்கும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் ஜெராக்ஸ் கடையை மறுபடி திறந்து இன்றோடு இருபத்திரண்டு நாள். வெள்ளம் நின்ற கோடு சுவரில் என் தோளுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. இரண்டு முறை வெள்ளையடித்தும் மங்கலாகத் தெரிகிறது. தெருவில் பாதிக் கடைகள் திறந்துவிட்டன. பேக்கரிக்காரர் அடுப்புக்குள்ளிருந்து ஓர் ஆமையை எடுத்தார். "ஒரு மாசமா வாடகை குடுக்காம குடியிருந்திருக்கான்" என்று கூடையில் வைத்து ஒவ்வொரு கடையாகக் கொண்டுவந்து காட்டினார். வெள்ளத்துக்குப் பிறகு தெருவே சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

நமக்கு வேலைக்குக் குறைவில்லை. போனது எதுவானாலும் நிவாரண ஆபீஸில் மனு கொடுக்க வேண்டும், மனுவுக்கு மூன்று நகல் வேண்டும். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே பத்துப் பேர் நிற்கிறார்கள்.

மெஷினைப் பற்றி நான் உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. மெக்கானிக் அதைப் பிரித்து, கழுவி, மூன்று நாள் வெயிலில் காயவைத்து ஓடவைத்தார். முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு நகலிலும் வலது கீழ் மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சாம்பல் நிறக் கறை விழுந்தது. சேறு என்று நினைத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். மூன்றாம் நாள் அந்தக் கறைக்குள் கண்கள் தெரிந்தன. நான்காம் நாள் நெற்றி தெரிந்தது. லேசாகச் சுருங்கி, ஃபோட்டோ எடுப்பவரிடம் ஏதோ கேட்க வருவதுபோல. அதற்குமேல் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. குடைக்கடை அண்ணிதான். இன்னும் கிடைக்காத பதினொரு பேரில் ஒருத்தியாகப் பெயரை ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறார்களே, அதே அண்ணி. அந்தப் பட்டியலில் மற்றவர்களுக்கு ஃபோட்டோ இருக்கிறது. அண்ணியின் இடம் மட்டும் காலி. அவள் படங்களெல்லாம் குடைக்கடை அலமாரியில் இருந்தன, தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

மெக்கானிக், மெஷினுக்குள் படம் விழுகிற உருளையான டிரம்மைக் கழற்றிப் பார்த்தார். "போன தடவை எடுத்தது கொஞ்ச நேரம் நிக்கும்மா, அது சகஜம். ஆனா ரெண்டு நாள் தண்ணியில ஊறி, நானும் கழுவினதுக்கப்புறம் எது நிக்கும்?" என்றார். புது டிரம் வரும்வரை பழையதையே ஓட்டச் சொன்னார்.

வேறு வழியில்லாமல் ஓட்டினேன். இந்தத் தாலுகாவில் இப்போது அண்ணி இல்லாத மனுவே இல்லை. ஆபீஸில் புதிதாக வந்த கிளார்க், அதுதான் மனுதாரரின் ஃபோட்டோ என்று நினைத்து நாற்பது மனுக்களில் மூலையில் முத்திரை குத்திவிட்டாராம். பெரியவர் ஒருவரைப் பிடித்து, "ஏங்க, எல்லா வீட்லயும் இந்தம்மா ஒருத்தர்தான் குடும்பத் தலைவியா?" என்று கேட்டிருக்கிறார். பெரியவர் முத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வளையல் கடைக்காரி மட்டும்தான் என்னிடம் வாய்விட்டுச் சொன்னாள்: "தெருவுல யார் மனு குடுத்தாலும் கூடவே போறாளே, பாவி. அவளுக்குன்னு ஒரு மனு குடுக்க ஆளில்லையே." மற்ற எல்லோரும் நகலை வாங்கி, மூலையைக் கட்டைவிரலால் மறைத்து மடித்துக்கொள்கிறார்கள்.

அக்கா, அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். வெள்ளம் வந்த அன்று மத்தியானம் அண்ணி தன் அடையாள அட்டையை நகலெடுக்க வந்தாள். நகலை வாங்கிக்கொண்டு, அட்டையை மூடிக்கடியிலேயே விட்டுவிட்டுப் போனாள். நம் கடையில் தினமும் யாராவது செய்கிற தப்புதான். அடுத்த ஆளுக்கு மூடியைத் திறந்தபோது பார்த்தேன். எடுத்து மேஜை டிராயரில் வைத்திருந்தால் போதும். மழை வலுக்கிறது, சீக்கிரம் கடையைச் சாத்தவேண்டும் என்ற அவசரத்தில் அவளை ஃபோனில் கூப்பிட்டேன். "அண்ணி, கார்டை மறந்துட்டீங்க, உடனே வந்து வாங்கிட்டுப் போயிடுங்க" என்றேன். "இதோ வரேன்டி, ரெண்டு நிமிஷம்" என்றாள். அவள் வீடு மேட்டில் இருக்கிறது. அங்கே வாசற்படிகூட நனையவில்லை. வீட்டிலேயே இருந்திருந்தால் இன்றைக்கு நம் கடையில் வந்து நின்று அரட்டை அடித்திருப்பாள். அவள் வருவதற்குள் தெருவில் வெள்ளம் புகுந்துவிட்டது; அட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு நான் மாடிக்கு ஓடிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது அட்டையும் இல்லை.

குடைக்கடை அண்ணன் அன்று சரக்கெடுக்க வெளியூர் போயிருந்தார். கிளம்பும்போது, "குடைங்க நனையாம பாத்துக்கோ" என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். அவள் குடைகளைக் காப்பாற்றத்தான் தெருவுக்கு இறங்கினாள் என்று நம்புகிறார். "நனையாத குடை எதுக்கும்மா? எந்த மடையன் அப்படிச் சொல்லுவான்?" என்று என்னிடமே கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தினமும் சேறு போகக் கழுவி, நூற்றுக்கு மேற்பட்ட கறுப்புக் குடைகளை விரித்துத் தெரு நெடுகக் காயவைக்கிறார். காய்ந்த பிறகும் மடிப்பதில்லை. காற்றே இல்லாத நேரத்திலும் அவற்றில் ஒன்றிரண்டு மெதுவாகத் திரும்பிக்கொள்கின்றன. யாரும் அதைப் பேசுவதில்லை. ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிற அண்ணன் தனக்கு ஒன்று எழுதவில்லை. அதனால் நம் கடைக்கு அவர் வரவேண்டியிருக்கவில்லை. நகல்கள் அவர் கண்ணில் படாமல் நானும் பார்த்துக்கொண்டேன்.

நேற்று புது டிரம் வந்தது. மெக்கானிக் பத்துத் தாள் ஓட்டிக் காட்டினார், பத்தும் பால்போல வெள்ளை. பழைய டிரம்மைக் கையோடு எடுத்துப்போகச் சொன்னேன். இனி யாரிடமும் எதையும் சொல்லவேண்டியதில்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

இன்று காலை அண்ணன் மனுவோடு வந்தார். கடையில் வெள்ளத்தோடு போன சாமான் கணக்கு மட்டும் எழுதி, காணாமல் போனவர் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார். மூன்று நகல் போட்டேன். மூன்றிலும் அண்ணி. சாம்பலாக அல்ல, எழுத்தைப் போலக் கன்னங்கரேலென்று. நெற்றியில் அந்தச் சுருக்கம் இல்லை. கேட்கவேண்டியதைக் கேட்டு முடித்தவளைப் போல இருந்தாள்.

மறைக்க நேரமில்லை. அவர் தாளைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். "நல்லா விழுந்திருக்கு" என்றார். பிறகு, "இது அவ கார்டுல இருக்கிற படமாச்சே. அந்தக் கார்டு அவ பர்ஸுலதானே இருக்கும்? உன்கிட்ட எப்போம்மா குடுத்தா?" என்றார். அன்று மத்தியானம் என்றேன். "குடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டாள்ல?" என்று கேட்டார். போனாங்க அண்ணா என்றேன். அத்தோடு என் வாய் நின்றுவிட்டது. அவர் காத்திருந்தார். அதற்குள் யாரோ வரவே, "அவங்களப் பாரும்மா, நான் நாலு மணிக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது மணி இரண்டே முக்கால். நாலு மணிவரை அவர் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். இதை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு நானே அவரிடம் போகிறேன். அதன்பிறகு இந்தத் தெருவில் நமக்குக் கடை இருக்குமா என்று தெரியவில்லை. அம்மாவுக்கும் இன்று சொல்லிவிடுவேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் நீ கூப்பிடுவாய். என்னைச் சமாதானப்படுத்தாதே. அண்ணன் சாப்பிட்டாரா என்று முதலில் கேள்.

நீ நன்றாக இரு, அக்கா. அங்கேயும் மழை என்று செய்தியில் சொன்னார்கள். மழை விடும்வரை வீட்டுக்குள்ளேயே இரு. யார் ஃபோன் செய்து கூப்பிட்டாலும் வெளியே இறங்காதே. நான் கூப்பிட்டாலும்.

உன் தங்கை