வடை வண்டி நிற்கும் இடம்

என் தங்கத்துக்கு,

டுபாயில் வெயில் கூட என்றாய், கவனமாக இரு. அப்பாவின் வடை வண்டி நின்ற இடம் நமக்கே கிடைத்துவிட்டது. நான்தான் பேசி வாங்கினேன்.

முதலில் கொட்டாஞ்சேனைச் சந்தைத் தலைவர் றவூப் நானாவிடம் போனபோது அப்பாவைக் கொண்டுபோன வருத்தம், என் முழங்கால் வலி, நீ அங்கே படும் பாடு எல்லாம் சொன்னேன். கேட்க வந்ததை மட்டும் கேட்கவில்லை. அவர் பாவப்பட்டு டீ வாங்கித் தந்து அனுப்பிவிட்டார்.

இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் சந்தைக் கூட்டத்துக்கே போனேன். அத்தனை ஆம்பிளைகள் நடுவில் எழும்பினேன்.

"அந்த இடம் எனக்கு வேணும் நானா. திங்கக்கிழமையில இருந்து நானே வடை சுடுவேன்."

"யாருட இடம்? பேரச் சொல்லுங்க தங்கச்சி."

வழக்கமாக உன்னைக் காட்டி, "இவ அப்பா" என்பேன். நீதான் பக்கத்தில் இல்லையே. அப்பாவின் பெயரை முழுசாக, பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். றவூப் நானா இடத்தை நமக்கே எழுதித் தந்தார்.

கல்யாணம் கட்டி இத்தனை வருசத்தில் அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்குக் கேட்டிருந்தால், "மெதுவாடி" என்று சிரித்திருப்பார்.

பருப்பு ஊறப்போட்டுவிட்டேன்.

உன் அம்மா