குண்டனுக்கு ஒரு கூட்டாளி

எனக்காகக் கள்ளக்குறிச்சியிலேயே அதிகம் அடி வாங்கிய மச்சான் முருகேசனுக்கு,

நீ போன பிறகு ஓர் ஆடித் தள்ளுபடியும் முடிந்துவிட்டது. நம் துணிக்கடையில் நீ நின்ற இடத்தில் இப்போது உன் பெண்டாட்டி ராணிதான் சேலை எடுத்துப் போடுகிறாள். என் தொப்பை அப்படியே இருக்கிறது. நாம் ஜோடி சேர்ந்து ஆடிய வீடியோ சண்டை கேமில்தான் சிக்கல்.

சின்னசேலத்துப் பசங்க வந்தார்கள். "பாய், உங்க ஜோடிதான் இல்லியே. அந்தக் குட்டியன எங்களுக்கு வுட்டுடுங்க" என்றான் ஒருவன். ஒரு ஜோடி வைத்து ஆடும் பொம்மையை இன்னொரு ஜோடி தொடக்கூடாது என்பதுதானே நம் வழக்கம்? உன் குட்டியனைக் கொடுப்பதா? எனக்கு வந்ததே கோபம்! "ஞாயித்துக்கிழம வாங்கடா, ஜெயிச்சா எட்துக்குங்க" என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் எனக்கு ஜோடியே இல்லை என்பது உறைத்தது.

என் பொம்மை குண்டனை உனக்குத் தெரியும். ஒரு குத்து விட்டால் எதிரிக்குப் பாதி உயிர் காலி. ஆனால் கிட்டே போய்ச் சேர்வதற்குள் விடிந்துவிடும். காலேஜ் பையன் பிரபுவைச் சேர்த்துப் பார்த்தேன். பிரமாதமாக அடிக்கிறான், ஆனால் எதிரியை அந்தக் கோடிக்கே விரட்டிவிடுகிறான். என் மைத்துனன் இன்னொரு குண்டனை எடுத்தான். மூங்கில்துறைப்பட்டு ஆலை வாசலில் இரண்டு கரும்பு டிராக்டர் ஒன்றாக நுழைந்த கதைதான்.

அன்று மத்தியானம் வெள்ளிமலையிலிருந்து ஓர் அம்மா கல்யாணச் சேலைக்கு வந்தார். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பியே விட்டார். நான் எழுந்து, மாடியேறி, பட்டுச்சேலைக் கட்டோடு இறங்கி வரும்வரை ராணி அவரை நகரவிடவில்லை. "இருக்கா, இந்த பார்டர வெளிச்சத்துல பாரு. பஸ்ஸு இன்னா, உன்ன வுட்டுட்டா பூடும்?"

குண்டனுக்கு வேண்டிய ஆள் கிடைத்துவிட்டாள்! அப்போதே கேட்டேன்.

"இன்னாண்ணே, பைத்தியமா? அந்தாளு வூட்டுக்கு வராம ஆடிக்கினு கெடந்தது போதாதா?" என்று எரிந்து விழுந்தாள். விஷயத்தைச் சொன்னதும், "அவுரோடத கேக்க அவனுங்க யாரு?" என்று பட்டன் பழக உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குட்டியனை வைத்து உன்னைப் போலவே இரண்டு பேரையும் மறித்து நின்றாள், அடி வாங்கினாள். குண்டன் ஆடி அசைந்து நடந்தான். "நான் வர்ற வரைக்கும் தாங்கு!" என்று வழக்கம்போல் கத்தினேன். கத்திய பிறகுதான் நினைவு வந்தது. நீ சேலம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பஸ்ஸிலிருந்து போனில் நான் கடைசியாகச் சொன்னதும் அதுதானே? நான் வந்து சேர்வதற்குள் நீ போய்விட்டாய்.

"தாங்காதம்மா! என் பின்னால ஓடியா!" என்று கத்தினேன்.

குட்டியன் ஓடி வந்தான். அவனைத் துரத்திக்கொண்டு அவர்கள் இரண்டு பேரும் நேராகக் குண்டனிடம் வந்து சேர்ந்தார்கள். விழுந்த அடியையெல்லாம் குண்டன் வாங்கிக்கொண்டு, ஆளுக்கு இரண்டு குத்து விட்டான். ஆட்டம் முடிந்தது. இவ்வளவு சுலபமான வழி நம் இரண்டு பேருக்கும் ஏன்டா தோன்றவே இல்லை?

ராணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத்துக்கா தெனம் லேட்டா வந்தாரு?" என்றவள், மறுபடி பட்டனில் கை வைத்து, "அடுத்த ஆட்டம் எப்பண்ணே?" என்றாள்.

குட்டியன் நம்மிடமேதான் இருக்கிறான், மச்சான். இனி யாரையும் தாங்கு என்று சொல்லமாட்டேன். ஓடி வா என்றுதான் சொல்வேன்.

இன்னும் மெதுவாகவே நடக்கும்,
உன் மச்சான் யூசுப்