உன் பெயரைச் சொல்லி வைத்த நெருப்பு

பாகூர், 1938 ஆகஸ்ட் 14, ஞாயிறு, காலை பத்தரை மணி. வீட்டில் சாப்பிடுகிறவர்கள் மூன்று பேர். உன் அம்மா போடுகிற இலை நான்கு.

அன்பு மகன் தணிகைவேலுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உன் தங்கை கஸ்தூரியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ நலமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்று கேட்கிறேன்.

எத்தியேன் வியாழக்கிழமை வாந்திபேதியில் போய்விட்டான் என்று கல்லூரி கொடுத்த தந்தியை அவன் அம்மாவும் அவர் வீட்டில் தங்கிப் படிக்கும் நீயும் பார்த்திருப்பீர்கள். தந்தியில் இல்லாததை எழுதுகிறேன், எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. அவனைப் புதைக்கவில்லை, எரித்தோம். உன் பிரான்சு சர்வகலாசாலையும் இங்கத்துக் கல்லூரியும் ஒரு பிள்ளைக்கு ஒரு பிள்ளை என்று ஏற்பாடு செய்து, கரும்புக்கு உரம் படிக்க உன்னை அங்கேயும் ஏரிப்பாசனம் பார்க்க அவனை இங்கே நம் வீட்டிலும் விட்டார்கள். ஒரு எஞ்சின் கப்பலில் வந்தால்கூட சேதமானால் என்ன செய்வது என்று காகிதம் கூடவே வருகிறது, பிள்ளை செத்தால் எந்த முறையில் அடக்கம் என்று அவர்கள் ஒரு வரி எழுதவில்லை. காலையில் என்னோடு தண்ணீர் இறைக்கிற எஞ்சின் கொட்டகைக்கு வந்தவன் சாயங்காலம் இல்லை. புதுச்சேரிக் கல்லறைக்குக் கொண்டுபோகக் கூப்பிட்டால், பேதியில போன உடம்ப ஏத்தினா நானும் போயிடுவேன், என் மாடும் போயிடும் என்று வண்டிக்காரர்கள் எல்லோரும் கைவிரித்துவிட்டார்கள். அம்மாதான், அங்க எம்புள்ளைக்கு ஒருத்தி சோறு போடறா, இவன நாதியத்தவனா போட்டு வைக்க மாட்டேன், நம்ம புள்ளைக்கு இன்னா செய்வமோ அத செய்யுங்க என்றாள். எனக்கு நீ வைக்க வேண்டிய கொள்ளியை அவனுக்கு நான் வைத்தேன்.

இதற்குமேல் எழுதத்தான் கை வரவில்லை. சடங்கு செய்ய வந்த பக்கிரி, இன்னா பேரு சொல்றது என்று கேட்டான். சொன்னேன். எத்தீன், எட்டியான் என்று உருட்டிப் பார்த்துவிட்டு, இது என் வாயில நிக்கலபா, வேற பேர் இருந்தா சொல்லு என்றான். மழை இறங்கப் பார்த்தது. நான் காத்திருக்கிற ஆளில்லை என்பது உனக்குத் தெரியும். எம்புள்ள பேரையே சொல்லி முடிடா என்றேன். உன் பெயரைச் சொல்லித்தான் நெருப்பு வைத்தேன்.

பக்கிரி பெண்சாதி காசம்மாள் வழியாக அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப்பின் என்னிடம் பேச்சில்லை. உயிரோட இருக்கிற புள்ளைக்கு இன்னா மிச்சம் வச்சிருக்காருன்னு உங்கப்பன கேளுடி என்று கஸ்தூரியிடம் சொல்லுகிறாள். நான்காவது இலை யாருக்கு என்று நானே கேட்டேன். ரெண்டு பேர்ல எவன் வந்தாலும் பசியோடதான வருவான் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

பேய் பிசாசு என்று பேசுகிறவனை நான் ஏசி அனுப்புகிறவன். ஆனாலும் எழுதுகிறேன். வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்தால் எத்தியேன் மடையில் நின்று, அப்பா, தண்ணி வர்றான் என்று கத்துவான், கஸ்தூரி விழுந்து விழுந்து சிரிப்பாள். நேற்று எஞ்சினைப் போட்டதும் மடைப்பக்கம் அப்பா என்று கேட்டது. நிறுத்தி வால்வு, பெல்ட் எல்லாம் பார்த்தேன், கோளாறு எதுவும் இல்லை. மறுபடி போட்டேன், மறுபடி கேட்டது. அது அவன் குரலா உன் குரலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

இந்தக் கடிதத்தை எத்தியேனின் அம்மாளிடம் நீட்டிவிடாதே, எதிரில் உட்கார்ந்து வாயால் சொல். திட்டினால் வாங்கிக்கொள். வெளியே போ என்றாலும் அன்றைக்கே போய்விடாதே, அந்த வீட்டில் இப்போது வேறு பிள்ளை இல்லை. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. முருகன் துணையிருந்து நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், இதை எழுதச் சொன்னது அம்மா, கஸ்தூரி மூலமாக. இந்தத் தபால் கண்ட அன்றே உன் கையால் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா சுப்பராயலு

இனி நான் செய்யப்போவது:

1. நாளை மாதா திருநாள், எல்லாம் பூட்டியிருக்கும். செவ்வாய்க்கிழமை கல்லூரிக்குப் போய் எரித்ததையும் உன் பெயரைச் சொன்னதையும் நானே சொல்வேன்.

2. பிறப்பு இறப்பு எழுதுகிற மேரி ஆபீசில் சாவை அவன் பெயரில் பதிய வைப்பேன்.

3. எலும்பும் சாம்பலும் கலயத்தில் இருக்கிறது. அந்த அம்மாள் சொல்லாமல் கடலில் கரைக்க மாட்டேன். கேட்டால் கப்பலில் அனுப்புவேன்.

4. உன் கையெழுத்தைப் பார்க்கும்வரை கருமாதி கிடையாது. பார்த்த அன்று சுடுகாட்டுக்குப் போய் உன் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவன் பெயரைச் சொல்வேன். அதற்காகப் பக்கிரியை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன், எத்தியேன் என்று இப்போது அவன் வாயில் நிற்கிறது. உன் அம்மாவும் உள்ளேயிருந்து மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறாள்.