நடுங்காத கை

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஒரு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் என் நினைப்பு. இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, வாய்க்கு மட்டும் ஒரு வலியும் இல்லை, அதனால் வீடு கலகலப்பாகவே இருக்கிறது. கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்தால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், பக்கத்து அறையில் உன் தம்பி படுத்திருப்பான், சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாது. மாப்பிள்ளையும் இதைப் படிக்கட்டும், அவருக்குத் தெரிவதில் எனக்கு ஒன்றுமில்லை.

போன வாரம் தம்பி எங்கள் இரண்டு பேரையும் அவன் வேலை செய்யும் இடத்துக்குச் சாப்பிட அழைத்துப் போனான். விறகு அடுப்பில் பீட்சா சுடுகிறார்களே, அந்தக் கடை. பழைய கிடங்கு ஒன்றைப் பிடித்து, செங்கல்லைப் பூசாமல் அப்படியே விட்டு, மேசைக்கு ஒரு மங்கல் விளக்குத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அப்பா போன் வெளிச்சத்தில்தான் விலைப்பட்டியலைப் படித்தார், இவ்ளோ வாங்குறவனுங்க ரெண்டு பல்பு போட மாட்டானுங்களா என்று பக்கத்து மேசைக்கே கேட்கும்படி சொன்னார். பீட்சா வந்தது, ஓரமெல்லாம் கருகியிருந்தது, அதுதான் அதன் அழகாம். வீட்டில் நான் தோசையை அப்படிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும், அங்கே ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

தம்பி நிற்கிற பார் கவுண்டர் அடுப்புக்கு நேர் எதிரே இருக்கிறது. அவன் காக்டெய்ல் கலக்குவதைப் பார்க்கவே சிலர் வருகிறார்கள். ஆரஞ்சுத் தோலை நெருப்பில் வாட்டுகிறான், ஏதோ இலையைக் கொளுத்திப் புகையைக் கிளாஸுக்குள் பிடித்து மூடுகிறான். ஒவ்வொரு கிளாஸிலும் ஒரு ஸ்ட்ராவை விட்டு, மேல்நுனியை விரலால் அடைத்து எடுத்து, ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்த பிறகுதான் மேசைக்கு அனுப்புகிறான். அதுதான் தொழில்முறையாம், நாம் உப்புப் பார்க்கிற மாதிரி. அதில் தப்பு இல்லை. ஆனால் நாங்கள் போய் உட்கார்ந்ததும் தண்ணீர் ஊற்ற வந்தானே, அப்போது ஜக்கின் மூக்கு கிளாஸ் விளிம்பில் கிடுகிடுவென்று அடித்தது. ஐஸ் தண்ணிம்மா, கை விறைச்சுப் போச்சு என்று சிரித்தான். நானும் சிரித்தேன். ஆயுள் முழுக்க ஊசியில் நூல் கோத்தவள், கையைப் பார்க்காமல் இருக்க முடியுமா. அப்புறம் அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கலந்ததில் ஒரு கிளாஸ் எந்த மேசைக்கும் போகவில்லை. அதைக் குனிந்து கீழ்த்தட்டில் வைத்தான், துணி எடுக்கக் குனிந்தான், எலுமிச்சம்பழம் எடுக்கக் குனிந்தான். இரண்டாவது பீட்சா வருவதற்குள், அப்பாவுக்கென்று கலந்த பழச்சாற்றை நீளக்கால் கிளாஸில் விளிம்பு தொட நிரப்பி, அத்தனை கூட்டத்தில் ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்து வைத்தான். பார்த்தியா, கை என்ன நிதானம் என்று அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் கையிலிருந்த பீட்சாத் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். குடித்தால் கை நடுங்குகிறவனைத் திருத்திவிடலாம். குடித்தால்தான் கை நிற்கிறது என்றால் அது வேறு. உன் மாமாவுக்குக் கடைசி இரண்டு வருஷம் அப்படித்தான் இருந்தது, அவர் எப்படிப் போனார் என்று உனக்குத் தெரியும்.

அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போனேன். அங்கே பீட்சா சுடுகிறவரை எல்லோரும் அண்ணன் என்கிறார்கள், என் வயதுதான் இருக்கும். நெருப்பை விட்டுக் கண்ணை எடுக்காமலே பேசினார். அடுத்த மாதம் முதல் தேதி புதுக் கிளை திறக்கிறார்களே, அந்த பார் முழுவதும் தம்பி பொறுப்பில், மேலேயே தங்க அறை, சாவியும் அவன் கையில், இது எங்களுக்கும் தெரிந்ததுதான். அந்த மாடி ரூமுக்கு மட்டும் அனுப்பாதீங்கம்மா, இங்க நான் ஒரு கண்ணு வச்சிருக்கேன், அங்க யாரு இருக்கா என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். ஒரு பீட்சாவை உள்ளே தள்ளி, திருப்பி, வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். போன மழைக்கு முந்தியே என்றார்.

அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார், மகன் பெரிய பொறுப்புக்குப் போகிறான் என்று. புதுச் சட்டைத் துணியும் வாங்கி வந்து தைக்கச் சொன்னார். அளவெடுக்க அவனை நிற்க வைத்தேன். தோள் எலும்பு கையில் இடிக்கிறது. குடிக்கிறாயா என்று நேருக்கு நேர் கேட்டே விட்டேன். தொழில்ல நாக்குல படுறதுதாம்மா, முழுங்குறதில்ல என்றான், அதையும் சிரித்துக்கொண்டே சொன்னான். நேற்றுக் கேக் செய்யலாம் என்று அலமாரியைத் திறந்தால் வெனிலா எசென்ஸ் புட்டி காலி, அதிலும் பாதி சாராயம்தானே. மூடி ஒழுங்காகத் திருகியிருந்தது. இந்த வீட்டில் கேக் செய்து எவ்வளவோ காலம் ஆகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறதடி. அப்பாவிடம் சொன்னால் கத்துவார், கத்தினால் இவன் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு அந்த மாடிக்குப் போய்விடுவான். சின்ன வயதிலிருந்தே அவன் உன் ஒருத்தி சொல்லுக்குத்தான் அடங்குவான். முதல் தேதிக்கு முன்னால் நீ இங்கே இருக்க வேண்டும். லீவு கிடைக்காது, டிக்கெட் விலை என்று எதையும் எனக்குச் சொல்லாதே.

வருகிறேன் என்று போனில் சொல்லும்போது அம்மாவைப் பார்க்க ஆசை என்று மட்டும் சொல், வேறு காரணம் வாயில் வரக்கூடாது. பேத்திக்குச் சளி என்றாயே, ஈரத் தலையோடு வெளியே விடாதே. நீ தீர்க்காயுசாக, உன் வீடு குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மாவின் ஆசீர்வாதம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் தம்பி எழுந்து வந்து யாருக்கு என்று கேட்டான். அக்காவுக்கு என்றேன். நான் நல்லா இருக்கேன்னு எழுதும்மா என்றான். எழுதிவிட்டேன். நீ சீக்கிரம் வா.

இப்படிக்கு,
உன் அம்மா