சூடாகச் சாப்பிடும் நாள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே நன்றாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், உடம்பைப் பொறுத்தவரை அது பொய் இல்லை. மற்றதை இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் வார்த்தைக்கே நீ குறுக்கே பாய்வாய், நான் அழுதுவிடுவேன், அப்பா பின்னாலிருந்து எதையாவது சொல்வார், விஷயம் உருப்படியாக வந்து சேராது. இது உன் கைக்குக் கிடைக்கும்போது எல்லாம் ஒரு வழியாக முடிந்திருக்கும், நீ என்னைத் தடுக்கவும் முடியாது. நாளைக் காலை மேனேஜரிடம் நான் ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். இன்னும் சொல்லவில்லை. சொல்லாதபோது என் மனம் எப்படி இருந்தது என்று உனக்காவது தெரிந்திருக்கட்டும்.

எல்லாம் நீ விட்டுப்போன அந்த லேப்டாப்பில் ஆரம்பித்தது. போன மாதம் வீடியோவில் உட்காரவைத்து எனக்கு அந்தக் குடும்ப விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தாயே, வீடு கட்டி, ஆட்களைச் செய்து, குளிக்க வைத்து வேலைக்கு அனுப்பும் விளையாட்டு, அதில் நான் யாரைச் செய்தேன் என்று உன்னிடம் மறைத்துவிட்டேன். எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து ஆட்களையே செய்துவைத்திருந்தேன். துணி தேய்க்கும் பெரிய உருளை மெஷினில் நிற்கும் பெரியக்கா, அழுக்குத் துணி பிரிக்கும் வாயாடி, நான்கு மாதத்துக்கு முன் மடிப்பு மேஜைக்கு வந்த சிட்டு, அப்புறம் இவர்களை மேய்க்கும் நான். நாலு பேருக்கும் ஒரே வீடு, மாடியில் ஆளுக்கொரு அறை. எனக்கு மட்டும் கொஞ்சம் இடுப்பைக் குறைத்துக்கொண்டேன், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. உன் அப்பாவைச் செய்யவில்லை. அவர் அங்கேயும் வந்து டிவி ரிமோட்டைப் பிடித்துக்கொள்வார்.

போன வாரம் ஒருநாள் கொதிகலன் பழுதாகிவிட்டது. நீராவி இல்லாமல் எங்கள் மெஷின் ஒன்றும் ஓடாது. சரிசெய்ய ஆள் வரும்வரை சும்மா உட்காருங்கள் என்றார்கள். சும்மா உட்காருவது எங்களுக்குப் பழக்கமில்லை, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாலு பேரும் முழித்துக்கொண்டிருந்தோம். நீ வேலை முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்ததால் லேப்டாப் அன்று என் பையில் இருந்தது. எடுத்துக் காட்டினேன். வாயாடிக்குத் தன் உருவத்தைப் பார்த்ததும் ஒரே கோபம், எனக்கு இவ்வளவு பெரிய வாயா என்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள்தான் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். விளையாட்டின் நாட்காட்டியைத் திறந்து, புது விடுமுறை நாள் உண்டாக்கலாம் என்று நீ சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். நாமே பேர் வைக்கலாம், படம் வைக்கலாம், அன்றைக்கு என்னென்ன வழக்கம் என்று பட்டியலிலிருந்து பொறுக்கிப் போடலாம், அதைச் செய்யாவிட்டால் வீட்டு ஆட்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள் என்றேன். அவ்வளவுதான், நாலு பேருக்கும் வாய் மூடவில்லை.

உனக்கு எங்கள் சாப்பாட்டு நேரம் தெரியாது. விடியுமுன் வீட்டில் கட்டிய சாப்பாட்டை மதியம் தாண்டித்தான் திறப்போம், அதுவும் ஒவ்வொருவராக. உருளை ஓடும்போது இருவர் நின்றாக வேண்டும், துணி பிரிக்கும் இடத்திலும் ஆள் வேண்டும். ஒருத்தி சாப்பிடும்போது மற்றவள் அவள் வேலையையும் சேர்த்துப் பார்ப்பாள், அதனால் சாப்பிடுகிறவளுக்கும் தொண்டையில் இறங்காது. சிட்டுதான் சொன்னாள், "சூடா சாப்பிடற நாள்னு பேரு வைக்கலாம்க்கா, எல்லாரும் ஒண்ணா உக்காந்து" என்று. ஆவி பறக்கும் தட்டுப் படம் ஒன்று இருந்தது, அதையே வைத்தோம். ஆளுக்கு ஒரு வழக்கம். பெரியக்கா பெரிய விருந்தைப் போடச் சொன்னாள். வாயாடி பாட்டுப் போட்டு ஆடுவதைக் கேட்டாள். சிட்டு ஒருவருக்கொருவர் பரிசு தரவேண்டும் என்றாள். நான் துணி துவைக்கக் கூடாது என்று போடலாமா என்று தேடினேன், அப்படி ஒன்று பட்டியலில் இல்லை, சரி டிவி பார்ப்பது இருக்கட்டும் என்று விட்டேன். கடைசியில் அந்தச் சின்னப் பெட்டி வந்தது, அன்றைக்கு வேலைக்கு விடுமுறையா இல்லையா என்று கேட்கும் பெட்டி. பெரியக்கா உடனே, "அது வேணாம், வேலை முடிஞ்சு வந்து வச்சுக்கலாம்" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. விளையாட்டில்கூடவா பயம் என்று சொல்லி நான்தான் அந்தப் பெட்டியில் குறி போட்டேன். சிட்டு கைதட்டினாள். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள், குறி போட்டது நான்.

விளையாட்டில் அந்த நாள் வந்தபோது பெரியக்கா உருவம் விருந்து சமைக்கிறேன் என்று அடுப்பில் தீயை வைத்துவிட்டது. வாயாடி உருவம் தீயைப் பார்த்துக்கொண்டே ஆடிக்கொண்டிருந்தது. நிஜப் பெரியக்கா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள், நான் இத்தனை வருஷத்தில் அவள் பல்லைப் பார்த்ததில்லை. கருகியதை எடுத்துவந்து நாலு உருவமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டன. ஊரில் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை, நாம் ஒரு வீட்டில் வைத்தால் ஊர் முழுக்க அது விடுமுறைதானாம். அப்போ ஆஸ்பத்திரித் துணியை யார் துவைப்பார்கள் என்று பெரியக்கா கேட்டாள், நாங்கள் அதற்கும் சிரித்தோம்.

சிட்டு சின்னப் பெண், சிரிப்பு அவளுக்கு அடங்கவில்லை. அடுத்த வாரத்து வேலை அட்டவணையை நான் எழுதிக் கதவருகே கண்ணாடிப் பலகைக்குள் மாட்டியிருந்தேன், அதைப் பூட்ட மறந்துவிட்டேன். அவள் வீட்டுக்குக் கிளம்பும்போது வியாழக்கிழமைக் கட்டங்களில் எல்லார் பேருக்கும் நேரே விடுமுறைக் குறியைப் போட்டு, மேலே சூடாகச் சாப்பிடும் நாள் என்று எழுதி, ஆவி பறக்கும் தட்டு ஒன்றும் வரைந்திருக்கிறாள். காலையில் முதலில் வருவது நான், பார்த்துச் சிரித்துவிட்டு அழித்துவிடுவேன் என்று நினைத்திருக்கிறாள். அன்றைக்கென்று அப்பாவின் பள்ளி வேன் கிளம்பவில்லை, தள்ளிவிட்டுப் போனதில் நான் தாமதம். எனக்கு முன்னால் மேனேஜர் வந்துவிட்டார். தனியாக இல்லை, சலவை வேலையை வெளி ஆட்களிடம் விடலாம் என்ற பேச்சு சில நாளாக ஓடுகிறது, அந்த ஆட்கள் இருவருக்கு இடத்தைச் சுற்றிக்காட்டக் கூட்டிவந்திருக்கிறார். அவர்கள் எதிரில்தான் அந்தத் தட்டைப் பார்த்தார். போட்டோ எடுத்துக்கொண்டார். எல்லாரும் சேர்ந்து ஒரே நாளில் வேலையை நிறுத்தத் திட்டம் போட்டிருக்கிறோம் என்று மேலே சொல்லியாகிவிட்டது.

இன்று மதியம் என்னைக் கூப்பிட்டார். உட்காருங்கம்மா என்றார், தேநீர் வரவழைத்தார். இத்தனை வருஷமாக அந்த அறையில் நான் நின்றுகொண்டுதான் பேசியிருக்கிறேன், அந்த நாற்காலியில் ஓரமாகத்தான் உட்கார்ந்தேன். "உங்க மேல எனக்குச் சந்தேகமே இல்லம்மா. யாருன்னு மட்டும் சொல்லுங்க, அவங்க ஒருத்தரோட முடிஞ்சிரும். இல்லன்னா பலகைச் சாவி உங்ககிட்டதான இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் எனக்கும் பதில் வந்திருக்கும். பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, மகளே. உன்னிடம் மறைக்கமாட்டேன். தேநீரை ஒரு வாய் குடித்து அதையும் சேர்த்து விழுங்கினேன், காலையில் சொல்கிறேன் என்று எழுந்துவந்துவிட்டேன்.

கீழே வந்தால் சிட்டு மடித்துக்கொண்டிருக்கிறாள். எப்போதும் அவள் மடிப்பில் ஒரு ஓரம் கோணியிருக்கும், நான் திட்டிக்கொண்டே திருப்பி மடிப்பேன். இன்று ஒன்றில்கூடச் சுருக்கம் இல்லை. நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றாள். பேசாமல் வேலையைப் பார் என்று அதட்டினேன், வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வாயாடி என்னைத் தனியாக இழுத்துப்போய், "அவ நேத்து வந்தவ. நம்ம எல்லாருக்கும் வீடு வாசல் இருக்கு, யோசிச்சுக்கோ" என்றாள். பெரியக்கா உருளையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. வீட்டுக்கு வந்தால் அப்பாவும் அதையேதான் சொல்கிறார். "சின்னப் பொண்ணு, அதுக்கு வேற எடம் கெடைக்கும். ஒனக்கு யாரு குடுப்பா?" என்றார். அதில் தப்பு ஒன்றும் இல்லை, அதனால்தான் கோபம் வந்தது. நீங்கள் வேனைக் கிளப்பத் தெரியாதவர், எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டீர்களா என்று கேட்டுவிட்டேன். அவர் வெளியே போய் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், ஏற்கெனவே துடைத்த கண்ணாடியைத்தான். அவருக்குக் கோபம் இல்லை, பயம். இந்த வீட்டில் ஒருவர் சம்பாத்தியத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்ததில்லை.

இதுவரை எழுதிவிட்டு விளக்கு போட எழுந்தேன், போன் அடித்தது. வாயாடி. பெரியக்காவாக இருக்கும் என்று நினைத்து ஓடினேன், இவள் குரலைக் கேட்டதும் மறுபடியும் புத்தி சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். "நாளைக்கு நீ உள்ள போகும்போது நானும் வர்றேன். ஆட்டம் வேணும்னு நான்தான கேட்டேன், ஒன்ன மட்டும் எப்பிடி விடறது" என்றாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவள் கேட்கவே இல்லை. வைத்ததும் பெரியக்காவுக்கு அடித்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. அவளைக் குறை சொல்லமாட்டேன், நீயும் சொல்லாதே. அவள் முதலிலேயே அந்தப் பெட்டி வேண்டாம் என்று சொன்னவள்.

ஆக, முடிவு இதுதான். நாளைதான் அந்த வியாழக்கிழமை. வேலை நிற்காது, இன்றைக்கே அடுக்குகளில் விரிப்புகளை நிரப்பிவிட்டுத்தான் வந்திருக்கிறேன், ஆபரேஷன் அறைத் துணிகளும் எண்ணி வைத்தாகிவிட்டது. எட்டு மணிக்கு உள்ளே போய், அந்த விடுமுறையை உண்டாக்கியது நான்தான் என்று சொல்லப்போகிறேன். படம் வரைந்தது யார் கை என்று அவர் கேட்டால் கேட்கட்டும், பலகையும் சாவியும் குறியும் என்னுடையவை. வேலை போனால் போகட்டும் என்று வீரமாக எழுத ஆசைதான், ஆனால் அது பொய்யாகிவிடும். வேலை போவதைவிடவும் ஒன்று பயமாக இருக்கிறது. ஏன் செய்தீர்கள் என்று அவர் கேட்பார். எல்லாரும் ஒருநாள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட ஆசைப்பட்டோம் என்று சொல்லவேண்டும். அதைக் கேட்டு அவர் சிரித்துவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. வேலையை எடுத்தால் தாங்கிக்கொள்வேன், அந்தச் சிரிப்பைத் தாங்கமாட்டேன்.

நீ நீண்ட ஆயுளோடும் நல்ல புத்தியோடும் நிறைவாக இருக்கவேண்டும், உனக்கு மேலே இருக்கிறவர்கள் உன்னை மனுஷியாக நடத்தவேண்டும், இதுதான் என் ஆசி. கடிதம் கிடைத்ததும் அப்பாவுக்குப் போன் செய்து சண்டை போடாதே. அவரிடம் சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா