அண்ணன் எடை

8-1-2009, வியாழன்

காலையில் பனி. எதிர்வீடு தெரியவில்லை. பள்ளியில் மெடிக்கல் செக்கப். உயரம் 152, எடை 41. கண் நன்றாக இருக்கிறதாம். திங்களன்று வரலாறு டெஸ்ட், இரண்டு பாடம் பாக்கி.

அண்ணன் இன்றும் சாப்பிட உட்காரவில்லை. காணும் பொங்கலன்று சிதம்பரத்தில் கபடி. அறுபது கிலோ பிரிவு. அன்று காலை எடை பார்ப்பார்கள். அறுபதைத் தாண்டினால் வெளியே.

சங்கர் மாமா (அம்மாவின் தம்பி, டீமுக்கு அவர்தான் கோச்) வாசலிலேயே சத்தம்.

"ஓபன்ல எறக்கலாம், அதுல எடையே பாக்க மாட்டாங்கன்னு சொன்னேன்ல? வளர்ற பையன இப்டியா காயப் போடுறது?"

அண்ணன்: "மொதலாளி அறுபதுலதான் ஆடணுங்கிறாரு மாமா. பெண்ணாடத்துக்காரனுங்க வருசா வருசம் கப்பத் தூக்கிட்டுப் போறானுங்களாம்."

முதலாளி என்றால் ரைஸ் மில்காரர். டீமே அவருடையது. பனியன், வேன், எல்லாம். பனியன் முதுகில் நம்பரைவிட மில் பெயர் பெரிது. பாட்டுப் பாடிப் போய்த் தொட்டுவிட்டு வருவதில் அண்ணனுக்கு நிகர் கிடையாது. அதனால் மில்லில் வேலை தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அப்பா அந்த ஒரு பேச்சில்தான் இருக்கிறார்.

11-1, ஞாயிறு

நெல் மூட்டை போடும் மெஷினில்தான் டீமுக்கும் எடை. நானும் போனேன், தூக்குவாளியில் தண்ணீர். வாய் கொப்பளிக்க மட்டும். அண்ணன் ரெயின்கோட்டு மாட்டிக்கொண்டு ஓடிவிட்டு வந்து ஏறினான். 60.4.

மில்காரர்: "இன்னும் அரை கிலோதான்டா. நல்லா எச்சித் துப்பு!" எல்லாரும் சிரிப்பு.

மாமா சிரிக்கவில்லை. "மயங்கி வுழுந்தான்னா யாரு பதில் சொல்றது?"

"டீமு யாருது, சங்கரு?" மெதுவாகத்தான் கேட்டார்.

மாமா விசிலை வாயில் வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார். ஊதவில்லை.

14-1, பொங்கல்

நல்ல வெயில். கோலத்துக்குச் சிவப்புப் பொடி போதவில்லை. அம்மா ஒரு வாய் பொங்கல் ஊட்டப் போனாள், அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு கொல்லையில் கரும்பு கடித்தான். சாற்றை முழுக்க முருங்கை மரத்தடியில் துப்பினான். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டான். "அம்மாட்ட சொல்லாத பாப்பா." உதடு வெடித்து ரத்தம்.

மில் லீவு. இவனுக்காகத் திறந்தார்கள். 59.6. அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

16-1, வெள்ளி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே.

விடியும்போது வேன். நான், அப்பா, டீம். அண்ணன் என் பக்கத்தில். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

சிதம்பரத்தில் எடை. 61.5. மறுபடி ஏறினான். அதே 61.5.

மில்காரர் அத்தனை பேர் முன்னால், "பொங்கப் பானையையே முழுங்கிட்டியாடா?" பெண்ணாடத்துப் பையன்கள் விசில். "டேய், இது மில்லுல கட்டி வளக்குற மாடுடா!"

மாமா மற்ற ஆறு பேரையும் வரிசையாக ஏற்றினார். அவர்கள் அறுபதுக்குக் கீழேதான். ஆனால் எல்லாருமே மில்லில் இருந்ததைவிட இரண்டு கிலோ போல ஜாஸ்தி.

"ஏழு பேருமா பானைய முழுங்குனாங்க? ஒங்க மெஷினு கொறச்சிக் காட்டுது மொதலாளி. நெல்லும் அதுலதான போடுறீங்க?"

அப்பா தரையைப் பார்த்தார். மில்காரர் மாமாவைப் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்தார்.

அண்ணன்: "மெஷினு மேல தப்பு இல்ல மாமா. பசி தாங்கல. காலையில இட்லி துன்னுட்டேன், ஒரு சொம்பு தண்ணி. இவனுங்களுந்தான்."

ஆறு பேரும் தலையாட்டினார்கள்.

மாமா விசிலைக் கழற்றி பெஞ்சில் வைத்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். அண்ணன் இல்லாமல் டீம் முதல் ஆட்டத்திலேயே தோற்றது.

வீட்டில் கேட்டேன், "எப்பண்ணா இட்லி துன்ன?"

"நீ ஒன் படிப்பப் பாரு."

அம்மா போட்ட சோற்றை அள்ளி அள்ளித் தின்றான். எல்லாம் வாந்தி.

25-1, ஞாயிறு

வரலாறு 88. மாமா லால்பேட்டைப் பையன்களுக்குக் கோச்சாம். எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அம்மா முறுக்கு கொடுத்தனுப்பினாள், டப்பா அப்படியே திரும்பி வந்தது.

அண்ணனுக்கு மில்லில் வேலை. எடை மெஷின் பக்கத்தில் நின்று எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

1-2, ஞாயிறு

எங்கள் வயலில் அறுப்பு முடிந்தது. வெயில் ஏற ஏற நெல் தூசி, உடம்பெல்லாம் அரிப்பு. டிராக்டரில் மூட்டைகளோடு மில்லுக்கு. வழியில் கேட்டேன், "வேற மில்லு இல்லியாப்பா?"

"புள்ள நிக்கிற எடத்த வுட்டுட்டா?"

அண்ணன் ஒவ்வொரு மூட்டைக்கும் எண்ணைப் படித்தான். அப்பா ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். மில்காரர் சேரில் உட்கார்ந்து டீ.

மெஷின் காலியாக இருந்த நேரம் நான் ஏறி நின்றேன். சிவப்பு எழுத்தில் 39.1.

"எறங்குடி."

"ஸ்கூல்ல நாப்பத்தி ஒண்ணுண்ணா. படி. சத்தமா படி."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "முப்பத்தொம்போது" என்றான். சத்தமாகத்தான். மூட்டைக்குச் சொன்ன அதே குரல்.

பின்னால் அப்பா, முதுகில் அடுத்த மூட்டையோடு நின்றுகொண்டிருந்தார். நான் இறங்கினேன்.